மேஜர் வளர்த்த வீடு

என் அருமை மகனுக்கு, ஆம்பூரிலிருந்து அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் சுகம். உன் நைனாவுக்கு இருமல் மட்டும் விட்டுவிட்டு வருகிறது. கஷாயம் வைத்துக் கொடுத்தால் நான் அந்தப் பக்கம் திரும்பியதும் முருங்கை மரத்தடியில் ஊற்றிவிடுகிறார். மரம் நன்றாகக் காய்த்திருக்கிறது. நீயும் எஸ்தரும் தங்கவயலில் நல்லபடியாக இருக்கவேண்டும் என்று தினமும் ஜெபத்தில் சொல்கிறோம். அவளுக்கு இது மாசமான உடம்பு. கனமான குடத்தைத் தூக்கவிடாதே, குழாயடியில் அவளுக்காக நீ போய் நின்றால் யாரும் உன்னை ஒன்றும் சொல்லிவிடமாட்டார்கள், சொன்னால் சொல்லட்டும்.

உன் கடிதம் வந்தது. சுரங்க வாசலில் காவலுக்குக் கட்டியிருந்து, பிறகு வேண்டாம் என்று விரட்டிவிட்ட அந்தப் பெரிய நாயை நீ வீட்டுக்குக் கொண்டுவந்ததை எழுதியிருந்தாய். எஸ்தரிடம் அது பூனைக்குட்டி மாதிரி இருக்கிறது, அவள் கையால் போட்டால்தான் சாப்பிடுகிறது என்றும் எழுதியிருந்தாய். அப்புறம், போன வாரம் காரணமே இல்லாமல் உன்னைக் கடித்துவிட்டது, கூட வேலை செய்கிறவர்கள் சுட்டுவிடச் சொல்கிறார்கள், துப்பாக்கி வைத்திருக்கிற ஆளும் தயாராக இருக்கிறார், பிள்ளை பிறப்பதற்குள் ஒரு முடிவு செய்யவேண்டும், மேஜர் மாதிரி ஒரு நாயை வைத்திருந்தவர்கள் நீங்கள், என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறாய். உன் நைனாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். அவர் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். கடித்தது என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"எங்க கடிச்சுதாம்?" என்றார்.

"வலது கையில."

"கையின்னா? விரலா, இன்னா?"

"முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவுல, உள்பக்கமாம். என்ன மருந்து போடறதுன்னு கேட்டிருக்கான்."

அவர் கடலையை முறத்தில் போட்டுவிட்டு எழுந்து வெளியே போனார். திரும்பி வர நேரமாயிற்று. வந்து என் எதிரில் உட்கார்ந்து, "அவனுக்கு எழுது. எல்லாத்தையும் எழுது. என்னைப் பத்தி இருக்கறதையும் எழுது. ஒண்ணும் மறைக்காத" என்றார். அதனால்தான் மகனே இந்தக் கடிதம் இத்தனை நீளம். மருந்துக்கு, காயத்தைச் சுடுதண்ணீரில் கழுவி ஆஸ்பத்திரியில் காட்டு. மற்றதெல்லாம் மெதுவாகப் படி, எஸ்தர் பக்கத்தில் இருந்தால் அவளுக்கும் வாசித்துக் காட்டு.

மேஜர் நம் வீட்டுக்கு வந்தபோது உனக்கு ஆறு ஏழு வயதிருக்கும். நீ ஞாபகம் வைத்திருப்பதெல்லாம் அது கிழமான பிறகு இருந்த மேஜர். வெயிலில் படுத்து வாலால் ஈ ஓட்டிக்கொண்டு, நீ காதைப் பிடித்து இழுத்தால் பெருமூச்சு விடுகிற மேஜர். ஆரம்பத்தில் அது அப்படி இல்லை. தோல் வாங்க மதராசிலிருந்து வந்துபோன ஒரு துரை கப்பலேறுவதற்கு முன்னால் அதை நைனா வேலை செய்த, தோல் பதனிடுகிற ஷாப்பில் விட்டுப்போனார். காயப்போட்ட தோலுக்குக் காவலாக இருக்கும் என்று முதலாளி சாயபு வாங்கிக்கொண்டார். பெயர் துரை வைத்தது. நாட்டுச்சர்க்கரை நிறம், சோற்றுப்பானை அளவுக்குத் தலை, தொங்குகிற வாய். வாட்ச்மேனுக்கு அதைக் கண்டால் பயம். பயந்தவன் கையில் மூங்கில் தடி இருந்தால் என்ன நடக்கும்? குட்டைச் சங்கிலியில் கட்டிவைத்து, போகும்போது ஒன்று வரும்போது ஒன்று என்று போட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். ஒருநாள் அது அவன் கையைப் பிடித்துவிட்டது. கடிக்கிற நாய் வேண்டாம் என்று முடிவாகி, தோலில் சவ்வு சீவிச் சீவிக் கை உரமேறிய ஆள் என்பதால் உன் நைனாவைக் கூப்பிட்டு, பாலாற்றுப் பக்கம் கொண்டுபோய் முடித்துவிட்டு வா என்று ஒரு கடப்பாரையைக் கொடுத்து அனுப்பினார்கள்.

அவர் கடப்பாரையோடும் நாயோடும் வீட்டுக்கு வந்து நின்றார். நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். என் வாயில் என்னவெல்லாம் வந்தது என்பதை எழுதினால் போதகர் ஐயா என்னைச் சபையில் நிற்கவிடமாட்டார். "முடிக்கத்தான் போனேன்மே. அதுக்கு முன்னாடி ஒரு பீடி குடிக்கலாம்னு மணல்ல உக்காந்தேன். அது பக்கத்துல உக்காந்து என் கால் மேல மோவாயை வெச்சிடுச்சி. காலை எப்படி எடுக்கறது, நீயே சொல்லு" என்றார். நான் சொன்னேன், நாய் இந்தப் பக்கம் வந்தால் நான் அந்தப் பக்கம் போகிறேன் என்று. நாய் வந்தது. நான் எங்கேயும் போகவில்லை. நீ என் முந்தானைக்குள் இருந்துகொண்டு, "அம்மா, அதுக்குப் பசிக்குதும்மா" என்றாய். ஆறு வயதிலேயே உனக்கு அது தெரிந்தது.

சங்கிலி அறுத்து அதன் கழுத்தெல்லாம் புண். இரும்பு வேண்டாம் என்று உன் நைனா நல்ல எருமைத்தோலில் ஒரு வார் செய்தார். ஆவாரம் பட்டைத் தண்ணீரில் பொறுமையாக ஊறவைத்து, கொழுப்புப் பூசித் தேய்த்து, அப்படி ஒரு வாரை இந்தத் தெருவில் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். சாயபுவிடம் காட்டினார், அவரே தடவிப் பார்த்துவிட்டு "அச்சா மால்", நல்ல சரக்கு என்றாராம். தெருவில் வீடு வீடாகக் காட்டிவிட்டு வந்து கழுத்தில் கட்டினார். மறுநாள் பகலில் பார்த்தால் கழுத்தில் ஒரு முழம்கூட இல்லை. மற்றதெல்லாம் மேஜர் வயிற்றுக்குள் போய்விட்டது. வந்த நாளிலிருந்து தோல் ஷாப்புச் சவ்வைத் தின்று வயிறு நிறைத்த நாயைத் தோல் வாரால் கட்டுவது கரும்பால் மாட்டைக் கட்டுவது மாதிரி. ஒரு விவசாயியாக இருந்தால் சும்மா ஒரு புளிச்சைநார்க் கயிறு போட்டிருப்பான். நாங்கள் தோல்காரர்கள், எங்களுக்குத் தோல்தான் பெருமை. அந்தப் பெருமையில் தெருவுக்கே ஆபத்தை அவிழ்த்துவிட்டோம். உன் வீட்டு நாய்க்கும் நல்ல தடித்த சங்கிலியே போடு, கழுத்தைச் சுற்றி மட்டும் துணி வைத்துத் தை.

அன்று ஆலங்காயத்திலிருந்து ஆவாரம் பட்டை ஏற்றிவந்த வண்டி நம் தெருமுனைச் சேற்றில் மாட்டிக்கொண்டது. வண்டிக்காரர் மாட்டை அடிக்கச் சாட்டையை ஓங்கினார். மேஜர் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துவிட்டது. உன் நைனா போய் விலக்குவதற்குள் ரத்தம் வந்துவிட்டது. பாவம், நல்ல மனுஷர். வெறிநாயாக இருந்தால் குன்னூருக்குப் போய் ஊசி போடவேண்டுமே என்று அவர் அழுதார். நாயைச் சங்கிலியில் போட்டு, தண்ணீர் குடிக்கிறதா சாப்பிடுகிறதா என்று தெருவே வந்து பார்த்துக்கொண்டிருந்தது. அது எல்லாவற்றையும் தின்றது, இன்னும் கேட்டது. அவர் காயம் ஆறும்வரை நம் வீட்டிலேயே வைத்துக் கஞ்சி ஊற்றினேன். நாய் கடித்தால் நாய் வைத்திருக்கிறவன்தான் அதற்குப் பொறுப்பு, அதில் இரண்டு பேச்சு கிடையாது. இதை நீ மறக்கக்கூடாது. மேஜர் நல்ல நாய் என்று நான் சொல்லப்போகிறேன், ஆனால் அது ஆபத்தான நாய் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு ஒன்று பிடிபட்டது. நான் நெல் குத்த உலக்கையைத் தூக்கினால் மேஜர் உறுமும். உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டால் படுத்துக்கொள்ளும். பரண்மேல் இருக்கிற கூடையை எடுக்கக் கையை உயர்த்தினால் எழுந்து நிற்கும். வாட்ச்மேன் தடி, வண்டிக்காரர் சாட்டை, என் உலக்கை. அதற்கு ஆளைப் பற்றிக் கவலை இல்லை, மேலே போகிற கையைத்தான் பார்க்கிறது. கை மேலே போனால் அடுத்தது அடி என்று மட்டும்தான் அதற்கு இந்த உலகத்தில் கற்றுக்கொடுத்திருந்தார்கள். உன் நைனாவிடம் சொன்னேன். "பேஜாராப் போச்சே, அப்ப நான் சோம்பல் முறிக்கக் கூடாதா?" என்றார். கூடாது என்றேன்.

அப்புறம் நம் வீட்டில் நடந்த கூத்தெல்லாம் உனக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கும். துணி காயப்போடும் கொடியை இடுப்பளவுக்கு இறக்கினோம், வேட்டி எல்லாம் மண்ணில் புரண்டது. நெல்லை எதிர்வீட்டுக்குக் கொண்டுபோய்க் குத்திவந்தேன். ஷாப்பு ஆட்கள் தெருவில் போகும்போது நெற்றிக்குக் கை கொண்டுபோய் சலாம் வைப்பார்களே, மேஜர் அதற்கும் எழுந்ததும், நம் வீட்டைத் தாண்டும்போது மட்டும் எல்லாரும் கையை நெஞ்சில் வைத்துத் தலையாட்டிவிட்டுப் போகப் பழகிக்கொண்டார்கள். போதகர் ஐயா வீட்டு ஜெபத்துக்கு வந்தவர், முடிவில் ஆசீர்வாதம் சொல்ல இரண்டு கையையும் உயர்த்தினார் பார், மேஜர் அவர் முன்னால் வந்து நின்று பல்லைக் காட்டியது. அவர் கண்ணை மூடியிருந்தார். "ஐயா, கைய எறக்குங்க, கைய எறக்கிக்கினே ஆசீர்வாதம் பண்ணுங்க" என்று உன் நைனா கத்தினார். அவர் கையை இடுப்போடு ஒட்டவைத்துக்கொண்டு மீதி ஆசீர்வாதத்தைச் சொல்லி முடித்தார். அதற்குப் பிறகு அவர் நம் வீட்டுக்கு வருகிறபோதெல்லாம் அப்படித்தான். இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது, சபையில் அவர் கை தூக்கும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

இனி எழுதவேண்டியதை எழுதுகிறேன். உன் நைனா வலது கையில், முழங்கைக்குக் கீழே, உள்பக்கம் ஒரு தழும்பு இருக்கிறதே, சவ்வு சீவும் கத்தி பட்டது என்று நீ சின்ன வயதில் கேட்டபோது சொன்னோம். கத்தி இல்லை. அது மேஜருடைய பல்.

உன் நைனா என்னை அடிப்பார், மகனே. உனக்குத் தெரிந்திருக்காது, நீ பள்ளிக்கூடம் போயிருக்கும்போது, இல்லை தூங்கும்போது. குடிகாரர் இல்லை, கெட்டவரும் இல்லை. இந்தத் தெருவில் எல்லா ஆம்பிளையும் அடித்தார்கள், அவரும் அடித்தார். நானும் அதை மழை வெயில் மாதிரி எடுத்துக்கொண்டேன். என் கோபத்தை நான் உன்மேல் காட்டினேன், கரண்டிக் காம்பு கண்ணில் பட்டால் நீ ஓடுவாய். வீடு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நாங்கள் நினைத்திருந்தோம், அதற்காக யாரும் வெட்கப்பட்டதாகவும் எனக்கு ஞாபகம் இல்லை.

அன்று ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் போட்ட தோல் அளவுக்கு மேல் ஊறிக் கெட்டுப்போய்விட்டது. யார் தப்போ, மேஸ்திரி எல்லார் முன்னாலும் உன் நைனா கன்னத்தில் அறைந்துவிட்டார். இவர் திருப்பிக் கேட்க முடியாமல் மத்தியானம் சோற்றுக்கு வீட்டுக்கு வந்தார். நான் தண்ணீருக்குப் போயிருந்து தாமதமாகி, உலை அப்போதுதான் கொதித்துக்கொண்டிருந்தது. ஏதோ கேட்டார், நானும் ஏதோ சொன்னேன். மேஸ்திரியை அடிக்கவேண்டிய கை என்னை நோக்கி மேலே போனது.

மேஜர் குரைக்கவே இல்லை. எங்கிருந்து வந்தது என்றுகூட நான் பார்க்கவில்லை. மேலே போன கையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றது. உதறவில்லை, கிழிக்கவில்லை, பிடித்துக்கொண்டு நின்றது, அவ்வளவுதான். அவர் இடது கை எட்டும் தூரத்தில் அம்மிக்குழவி கிடந்தது. அவர் பலத்துக்கு அதை எடுத்து ஒரு போடு போட்டால் மேஜர் கதை முடிந்தது. அவர் குழவியைப் பார்த்ததை நான் பார்த்தேன். சுவரோடு ஒண்டி, தலைமேல் இரண்டு கையையும் வைத்துக் குந்தியிருந்தேன். பிடிபட்ட கை மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. அது இறங்க இறங்க மேஜர் பிடியைத் தளர்த்தி, கடைசியில் விட்டுவிட்டது. விட்டதும் அதற்கு இனிமேல் என்ன வரும் என்று தெரிந்துவிட்டது போலிருக்கிறது. எதிர்ச் சுவரோரமாகப் போய் ஒண்டிக்கொண்டது. அவ்வளவு பெரிய உடம்பை எவ்வளவு சின்னதாக ஆக்கமுடியுமோ அவ்வளவு சின்னதாக ஆக்கிக்கொண்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு, அடிக்காகக் காத்திருந்தது. உடம்பெல்லாம் நடுங்கி, இருந்த இடத்திலேயே நீர் விட்டுவிட்டது.

உன் நைனா நடுவில் நின்றார். கையிலிருந்து ரத்தம் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. இந்தச் சுவரைப் பார்த்தார், அந்தச் சுவரைப் பார்த்தார்.

"இன்னாமே," என்றார், "ரெண்டு பேரும் ஒரே மாதிரி ஒண்டிக்கினு கீறீங்க?"

அப்புறம் அவர் உட்கார்ந்து அழுதார். நான் அவர் அழுது அதற்கு முன்னால் பார்த்ததில்லை. நான் எழுந்து போய்க் கையைக் கழுவிக் கட்டினேன், அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. உலை பொங்கி அடுப்பு அணைந்துபோயிற்று, அன்று யாரும் சாப்பிடவில்லை, மேஜர்கூடச் சாப்பிடவில்லை. மறுநாள் அந்த மேஸ்திரியே எட்டிக்கொட்டைப் பொடியை ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்து, கறியில் கலந்து போட்டால் போய்விடும் என்று சொன்னாராம். நாய்க்கு விஷம், நைனாவுக்கு அறைந்ததற்கு ஒரு சமாதானம். உன் நைனா பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நாய் மேல தப்பில்ல மேஸ்திரி. கை என்னுது" என்றாராம். ஷாப்பு ஆட்கள் இதை ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கு அதைக் கேட்டபோது சிரிப்பு வரவில்லை.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிட்டது என்று எழுதினால் பொய். கோபம் வரத்தான் செய்தது. வாய் மட்டும் இன்றுவரை கம்மி ஆகவில்லை, அது உனக்கே தெரியும். ஆனால் கோபம் வந்தால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளப் பழகினார். முதலில் மேஜருக்குப் பயந்து செய்தார், அதை நான் மறைக்கவேண்டியதில்லை, அவரே சொல்லுவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு மனுஷன் எவ்வளவு நேரம் கத்தமுடியும்? கொஞ்ச நேரத்தில் அவருக்கே அது விசித்திரமாகத் தோன்றி நிறுத்திவிடுவார். நானும் கரண்டியை உன்னிடம் ஓங்குவதை விட்டேன். அந்த வருஷம் அடி குறைந்ததற்கு நீ நல்ல பிள்ளையாகிவிட்டாய் என்று நினைத்திருப்பாய். இல்லை ராஜா, நீ அதே வால்தான், மேஜர் அடுப்படி வாசலில் படுத்திருந்தது, அவ்வளவுதான்.

நைனாவைப் பார்த்து நீயும் கோபம் வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாய். ஏன் என்று உனக்குத் தெரியாது, பெரியவர்கள் கோபித்தால் அப்படித்தான் நிற்கவேண்டும் போல என்று நினைத்திருப்பாய். பள்ளிக்கூடத்தில் யாரோ உன் சிலேட்டை உடைத்தபோது நீ அப்படி நின்று முறைத்துக்கொண்டிருந்தாயாம், வாத்தியார் அதை மரியாதை என்று நினைத்து உன்னை மெச்சினாராம். அன்று நைனா சிரித்த சிரிப்பில் மேஜரே எழுந்து வந்து பார்த்தது.

சாயங்காலத்தில் எதிர்வீட்டு அம்மா சில நாள் வந்து நம் வாசலில் உட்காருவாள். "மேஜர் பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்துக்கறேன்க்கா" என்பாள். என்ன ஏது என்று நான் கேட்கமாட்டேன், அவளுக்கும் ஒரு வாய் காப்பி கொடுப்பேன். அவள் வீட்டு ஆள் தெருமுனைவரை சத்தம் போட்டுக்கொண்டு வருவார், மேஜரைப் பார்த்ததும் குரல் இறங்கிவிடும். நான் வேதத்தில் எத்தனையோ வாசித்திருக்கிறேன், போதகர் ஐயாவும் எவ்வளவோ பிரசங்கம் செய்திருக்கிறார். என் அம்மா வந்து நைனாவிடம் அழுது பார்த்தாள், என் அண்ணன் வந்து சண்டை போட்டுப் பார்த்தான். ஒருவராலும் ஆகாததை அடிபட்டு வந்த ஒரு நாய் செய்தது. எனக்கு அதன்மேல் இருக்கிற நன்றியை யாரிடம் சொல்வது? ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கர்த்தரிடம்தான் சொல்கிறேன். அது சாகும்போது தலை நைனா காலின்மேல்தான் இருந்தது. முடிக்கச் சொல்லி அனுப்பிய அதே பாலாற்றங்கரையில் கொண்டுபோய்ப் புதைத்தார், கடப்பாரை அதற்குத்தான் உதவியது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். தடவப்போன கையை நாய் கடித்தால் விரலில் படும். சாப்பாட்டுத் தட்டை எடுக்கப்போனால் புறங்கையில் படும். வழியில் மிதித்துவிட்டால் காலில் படும். முழங்கைக்குக் கீழே உள்பக்கம் பல் படவேண்டுமானால் கை எங்கே இருந்திருக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும், உன் நைனாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால்தான் கடலையைப் போட்டுவிட்டு எழுந்து போனார். நாய் கடித்ததை எழுதினாய், இடத்தை எழுதினாய், அந்த நேரத்தில் உன் கை என்ன செய்துகொண்டிருந்தது, எதிரில் யார் இருந்தார்கள் என்பதை எழுதவில்லை. ஒருவேளை பரண்மேல் எதையாவது எடுக்கக் கையைத் தூக்கியிருப்பாய். அப்படியானால் இந்தக் கிழவியைப் பார்த்துச் சிரித்துவிட்டு மன்னித்துவிடு, கொடியையும் பரணையும் தாழ இறக்கு. அப்படி இல்லை என்றால், சுரங்கத்தில் உன்னை யார் என்ன சொன்னார்கள், என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது, உனக்கும் ஒரு மேஸ்திரி இருப்பார். அதற்கு எஸ்தர் என்ன செய்வாள்? நீ கெட்டவன் என்று நான் ஒரு நிமிஷமும் நினைக்கவில்லை. நீ யாருடைய பிள்ளை என்பது எனக்குத் தெரியும், அவர் எவ்வளவு தூரம் திரும்பி வந்தார் என்பதும் தெரியும்.

நாயைச் சுடாதே. அது கெட்ட நாய் இல்லை, உன் வீட்டில் அது பார்த்ததைத்தான் நிறுத்தப் பார்த்திருக்கிறது. கட்டிப்போட்டு அடிக்காதே, அடித்தால் உண்மையாகவே கெட்டுப்போய்விடும். பிள்ளை பிறந்தபின் எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும் பிள்ளையோடு அதைத் தனியாக விடாதே, மேஜரை நான் உன்னோடு ஒருநாளும் தனியாக விட்டதில்லை. அடுத்தவர் யாரையாவது கடித்தால் உன் வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொள். இன்று சோறு வைக்கும்போது அதற்கு ஒரு கை கறி ஜாஸ்தியாகப் போட்டு, ஆம்பூரில் ஒரு அம்மா கொடுக்கச் சொன்னாள் என்று சொல். அது என் மருமகளுக்குச் செய்ததற்கு நான் வேறு எப்படி நன்றி சொல்வது?

உன் நைனா பரணிலிருந்து மேஜருடைய சங்கிலியை எடுத்துவைத்து, எண்ணெய் போட்டுத் துரு தேய்த்துக்கொண்டிருக்கிறார். இருமலோடு எதற்கு இந்த வேலை என்றால் கேட்கிறவரா? இந்தக் கடிதம் உன் கைக்கு வந்த கையோடு நாங்களும் ரயிலேறி வருகிறோம். அவர் உன்னைத் திட்ட வரவில்லை, அதை எழுதச் சொன்னார். "அவன் கைய நீட்டுனா அது என் கை, அவனுக்கு எப்படித் தெரியும், நான் சொல்லியே குடுக்கலியே" என்றார். நாங்கள் வரும்போது உனக்கு எங்களிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் இருக்கும். ஒன்றும் சொல்லவேண்டாம். சின்ன வயதில் நிற்பாயே, அதுபோல இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நில். உன் நைனாவுக்குப் புரிந்துவிடும்.

உன் அம்மா